உதடு ஒட்டிய பாட்டு

என் கழுத்தில் முதன்முதலாக விழுந்த கல்யாண மாலை பிளாஸ்டிக் மாலை. அதுவும் எங்கள் பள்ளிக்கூட ஹாலில் ஒரு தலைவர் படத்துக்குப் போட்டிருந்ததைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி எடுத்து வந்தது. சிரிக்காதீர்கள். அந்த மாலைக்குப் பின்னால் என் அம்மாவின் பிடிவாதம் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் செஞ்சியில் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. வீடு அனந்தபுரம். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன், சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவேன். நைனா இருக்கிற கொஞ்சம் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவர். எங்கள் வீட்டில் எட்டாவதைத் தாண்டிய முதல் பெண் நான். பத்தாவது முடித்ததுமே நிறுத்திவிடலாம் என்று பேச்சு வந்தது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன், விட்டுவிட்டார்கள். பன்னிரண்டை முடித்து, டீச்சர் ட்ரெயினிங்கில் சேர்ந்து, கையில் சாக்பீஸோடு ஒரு வகுப்பில் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ராஜ்ஜியமா கேட்டேன்?

பெற்றோர் ஆசிரியர் விழாவுக்கு வருஷா வருஷம் கும்மி, கோலாட்டம்தான். அந்த வருஷம் எங்கள் வகுப்பில் ஒருத்தி ஒரு யோசனை சொன்னாள். அவள் பஜாரில் கல்யாண வீடியோ எடுக்கும் பாயின் தங்கை மகள்.

"எங்க மாமாவோட கேமரா ஆடி மாசம் பூரா சும்மா தூங்குது. உங்க ஆளுங்கதான் ஆடியில கல்யாணமே பண்ண மாட்டீங்களே. கேட்டா குடுப்பாரு. நாம ஒரு பாட்டு எடுத்தா இன்னா?"

டிவியில் பாட்டுப் பார்ப்பதற்கே பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் முட்டி மோதுவோம். டிவிக்குள் நாங்களே வருவதா! அன்று மத்தியானம் யாரும் சோறு சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தமிழ் டீச்சர் பாட்டு எழுதிக் கொடுத்தார். அவருக்கு ஒரு தீராத கோபம் உண்டு. தை பிறந்தால் எங்கள் வகுப்பில் பெஞ்சு காலியாகும். ஒவ்வொருத்தியாகக் கல்யாணப் பத்திரிகையோடு வந்து நிற்பாள். பரீட்சைக்கு இரண்டு மாசம்கூட இருக்காது. "அந்த ரெண்டு மாசம் பொறுக்க முடியாம யாரு குடி முழுகுது?" என்று கரும்பலகையைப் பார்த்துத் திட்டுவார். அந்தக் கோபத்தைத்தான் பாட்டாக எழுதினார்.

மாலை வேணாம் அம்மா – எனக்கு
மணையும் வேணாம் அம்மா
பாடம் இன்னும் பாக்கி இருக்கு
படிக்க விடு அம்மா

நாங்கள் ஐந்து பேர். பாயின் தங்கை மகள் டைரக்டர். ஒரு நோட்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் தகுதி. இரண்டு பேர் அம்மா, மாப்பிள்ளையின் அப்பா. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அடுப்புக்கரியில் மீசை. இன்னொருத்தி பாட்டுக்காரி. குரல் என்றால் அப்படியொரு குரல். ஆனால் நாலு பேர் முன்னால் நின்றால் கை கால் உதறும், அதனால் குரல் மட்டும் அவளுடையது, முகம் என்னுடையது. மணப்பெண் நான்தான். என் கண் பெரிசு என்றார்கள். உண்மையான காரணம், ஐந்து வீட்டில் கொடுக்கிற மாதிரி பட்டுப்புடவை என் அம்மாவிடம்தான் இருந்தது.

புடவைக்குச் சம்மதித்த அம்மா மாலைக்குச் சம்மதிக்கவில்லை.

"கன்னிப் பொண்ணு கழுத்துல மால ஒரு தபாதான் விழணும். வெளாட்டுக்குக்கூட நான் ஒத்துக்க மாட்டேன்" என்று நின்றுவிட்டார். டீச்சரே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து பேசினார். அம்மா காபி கொடுத்தார், முறுக்குக் கொடுத்தார், சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் டைரக்டர்தான் கேட்டாள், "பூ மாலதானேம்மா ஆவாது? பிளாஸ்டிக்னா?"

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "பிளாஸ்டிக்கா? அது கணக்குல வராது. போட்டுக்கோ" என்றார்.

ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். பாய் தோளில் கேமரா. அதிலிருந்து ஒயர் போய், அவருடைய ஆள் தோளில் தொங்கிய டெக்கில் சேரும். ஒருவர் நகர்ந்தால் மற்றவரும் நகர வேண்டும். பாய் முதலிலேயே சட்டம் சொல்லிவிட்டார்.

"இந்தாம்மா, எடுத்தத வெட்டி ஒட்டுற மிசினெல்லாம் நம்மகிட்ட கெடையாது, அதுக்கு மெட்ராசுக்குப் போவணும். பாட்டு எந்த வரிசையோ அந்த வரிசையிலதான் எடுப்பேன். தப்பு பண்ணா தப்பாத்தான் இருக்கும்."

அதனால் முதல் வரியைக் களஞ்சியத்துக்கு முன்னால் எடுத்துவிட்டு, இரண்டாவது வரிக்குக் குளத்தங்கரைக்கு ஓடி, மூன்றாவது வரிக்குத் திரும்பவும் களஞ்சியத்துக்கே ஓடினோம். எங்கள் டைரக்டர் அப்படித்தான் நோட்டில் எழுதியிருந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓட, பின்னால் மீசை ஓட, அதற்குப் பின்னால் ஒயரால் கட்டுண்ட இரண்டு ஆண்கள் ஓட, குரங்குகள் மதில்மேல் உட்கார்ந்து பார்த்தன. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும் என்பார்கள். பிளாஸ்டிக் மாலை எந்த மூலைக்கு? இரண்டு தடவை பறந்தது. ஒரு குரங்கு அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்கிப் பாட்டு இழுக்க ஆரம்பித்தது, செல்லைக் கழற்றிப் பாறையில் காயவைத்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாள் வேறு கிடையாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் இருக்காது.

முதல் நாலு வரியே பாட்டின் கடைசியிலும் திரும்ப வரும். அதைக் கல்யாண மகாலில் எடுத்தோம். பெயரைப் பாருங்கள். குறுகலான படியில் புடவையோடு ஏறி, மேல் மாடத்து வளைவில் என்னை நிறுத்தினார்கள். முகம் மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டும்.

"தலைய குனி. அசையாத. இப்ப மெதுவா நிமிரு. கண்ண மட்டும் எடு" என்றார் பாய்.

"பாய், அவ கோவமா பாக்கணும். கல்யாணம் வேணாம்னு பாடுறா" என்றார் டீச்சர்.

"கல்யாணப் பொண்ணு கோவமா பாத்தா நல்லா இருக்காது டீச்சர்."

பாவம், அவர் கை அத்தனை வருஷம் மணமேடையில் பழகிய கை. மணப்பெண் என்றால் குனிந்து நிமிர வேண்டும், கேமரா மெல்ல மெல்லக் கிட்டே போக வேண்டும். வேறு மாதிரி எடுக்க அவருக்குத் தெரியாது. கேமராவின் முன்னால் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தால் நான் வாயசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. எரிந்தது. அசைத்தேன். டீச்சர் பாட்டில் மானாவாரியாக மகரமும் பகரமும் போட்டிருந்தார். மாலை, மணை, அம்மா, பாடம், படிக்க... வரிக்கு வரி உதடு ஒட்டிப் பிரியும். "சினிமாக்காரிகூட இப்படி வாயசைக்க மாட்டாடி, கச்சிதமா ஒட்டுது" என்று பாட்டுக்காரி கையைத் தட்டினாள். கீழே இறங்கி வரும்போது அந்தக் குறுகல் படியில் புடவை சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். டைரக்டர் வந்து எடுத்துவிட்டாள்.

விழா அன்று பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு டிவியை ஏற்றி வைத்தார்கள். பாய், படத்தை இன்னொரு கேசட்டில் ஏற்றி, அதில் பாட்டுக்காரியின் குரலைச் சேர்த்துக் கொடுத்திருந்தார். குரலும் உதடும் ஒன்றாகப் போயின. முன்வரிசையில் நைனா. துண்டை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, கண்கொட்டாமல் பார்த்தார். 'படிக்க விடு அம்மா' என்று முடிந்ததும் முதல் கைத்தட்டல் நைனாவுடையது. நான் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம பொண்ணு" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். இனிமேல் யாரும் என்னை நிறுத்த முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மண்டு.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது ஐப்பசியில்.

பாய் கடை வாசலில் ஒரு டிவி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். கல்யாண வீடியோ பேச வருகிறவர்களுக்கு மாதிரி காட்டுவதற்கு. முந்தின வருஷத்து மாதிரி கேசட் தேய்ந்துபோயிருந்தது. எங்கள் கேசட்டில் கோட்டை இருக்கிறது, பட்டுப்புடவை இருக்கிறது, குனிந்து நிமிர்கிற மணப்பெண் இருக்கிறாள். பாய் அதையே போட்டுவிட்டார். மூல கேசட்டில் எங்கள் இரைச்சலும் குரங்குச் சத்தமும்தான் இருந்தது. அதை அழித்துவிட்டு, எல்லாக் கல்யாணத்துக்கும் போடுகிற நாதஸ்வரத்தை ஏற்றிவிட்டார். பஜாரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். மாலையும் கழுத்துமாக நான், பின்னால் கெட்டிமேளம். வேணாம் வேணாம் என்று நான் உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். காதில் விழுந்தால்தானே.

முதலில் சந்தையில் ஒருத்தர் நைனாவிடம் கேட்டார். "இன்னாய்யா, பொண்ணுக்குக் கமுக்கமா கல்யாணத்த முடிச்சிட்ட? ஒரு வாய் சோறு போட மாட்டியா?" பிறகு பஸ்ஸில் ஒருத்தர். பிறகு சொந்தத்தில் ஒருத்தர் வீடு தேடி வந்தே கேட்டார். நைனா ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொன்னார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நைனா சந்தைக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் வந்தவாசிப் பக்கம் இருந்து ஒரு குடும்பம் வந்தது. அரிசி மண்டி வைத்திருப்பவர்கள். தங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு வீடியோ பேசலாம் என்று பாய் கடைக்கு வந்தவர்கள், டிவியில் என்னைப் பார்த்து, "இது யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டிருக்கிறார்கள். பாய் வெள்ளந்தியாக, "கல்யாணமாவாத பொண்ணுங்க, ஸ்கூல்ல படிக்குது, சும்மா நடிச்சுது" என்று சொல்லி, எங்கள் ஊர்ப் பெயரையும் சொல்லியிருக்கிறார். தங்கள் மூத்த பையனுக்கும் காட்டினார்களாம். பிறகு நேராக வெற்றிலைத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

பெண் பார்க்கும் சடங்கு என்று ஒன்று உண்டு அல்லவா? காபி கொண்டுபோய்க் கொடுத்து, தலை குனிந்து நின்று, அவர்கள் போன பிறகு "பையன் எனக்குப் புடிக்கல" என்று முரண்டு பிடிக்கலாமே. அதற்குக்கூட எனக்கு வழி இல்லாமல் போயிற்று. "பொண்ணத்தான் டிவியிலயே பாத்துட்டோமே. நாங்க பேசி முடிக்கத்தான் வந்தோம்" என்றார் பையனின் அம்மா. நான் உள்ளே மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறைக்கு ஒரே கதவு, அந்தக் கதவுக்கு வெளியில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் போனதும் நைனாவிடம் வந்தேன்.

"நைனா, பரீட்ச முடியட்டும் நைனா. அஞ்சு மாசந்தான். அப்புறம் நீ யாரச் சொன்னாலும் கட்டிக்கிறேன்."

"உனுக்குப் பதினெட்டு முடிஞ்சிட்ச்சு கண்ணு. நல்ல எடம். வெளியில பேச்சு வேற ஒரு மாதிரியா இருக்குது. இத உட்டா அப்புறம் யாரு வருவான்?"

"அன்னிக்கு ஸ்கூல்ல நீதானே மொத ஆளா கை தட்டுன? படிக்க விடுன்னு நான் பாடுனதுக்குக் கை தட்டுனியே நைனா!"

நைனா நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். "அது பாட்டு கண்ணு. பாட்டு நல்லா இருந்துச்சு, கை தட்டுனேன்" என்றார்.

இன்றைக்கும் அந்தப் பதில் எனக்கு ஆறவில்லை. அவர் பொய் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அந்தத் தடவையும் சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். இரண்டாம் நாள் அம்மா தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் சாப்பிடாமல் அழ ஆரம்பித்தார். "எல்லாம் அந்த மாலையாலதான். பிளாஸ்டிக்னு உட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்று தலையில் அடித்துக்கொண்டார். எழுந்து சாப்பிட்டேன். வேறென்ன செய்ய?

மறுநாள் நாங்கள் ஐந்து பேரும் பாய் கடைக்குப் போனோம். டிவியில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த நாதஸ்வரத்தை எடுத்துவிட்டு எங்கள் பாட்டையே போடச் சொன்னோம். மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுக்கு முன்பணம் கொடுக்கத் திரும்பவும் வருவார்கள், அப்போதாவது பாட்டு அவர்கள் காதில் விழட்டும் என்பது எங்கள் திட்டம்.

பாய் விஷயத்தைக் கேட்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அல்லா! நான் நல்லதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். அப்புறம் தாடியைத் தடவிக்கொண்டு, "ஆனா ஒண்ணு யோசிம்மா. மால வேணாம், மண வேணாம்னு பாடுற கேசட்ட கல்யாண வீடியோ கடையில போட்டா, அப்புறம் எவன் வந்து ஆர்டர் குடுப்பான்? நான் பொழைக்கறதா வேணாமா?"

அவர் சொன்னதில் என்ன தப்பு? டைரக்டர் தன் மாமாவை வாய்க்கு வந்தபடி பேசினாள். அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டார். டிவியை மட்டும் அணைத்துவிட்டார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். டீச்சர் எங்கள் வீட்டுக்கு மறுபடி வந்தார். இந்தத் தடவையும் காபி கிடைத்தது.

தை மாசம் செஞ்சியில் ஒரு சத்திரத்தில் கல்யாணம். வீடியோ யார்? பாய்தான். "என் சீரா வெச்சிக்கங்க" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். வீடியோவுக்குப் பிடிக்கிற லைட்டை நேராகப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும். கொட்டியது. எல்லோரும் லைட்டால் என்று நினைத்துக்கொண்டார்கள். பூ மாலை ஈரமாக, கனமாக, கழுத்தை அழுத்தியது. பிளாஸ்டிக் மாலைக்கு எடையே கிடையாது. எதிரே இரண்டாம் வரிசையில் என் நாலு பேரும் டீச்சரும் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் மாப்பிள்ளையாக அவர், அந்தப் பக்கம் நாத்தனார், முதுகுக்குப் பின்னால் மாமியாராகப் போகிற அத்தை. திரும்ப இடம் இல்லை.

"தலைய குனிம்மா. அசையாத. இப்ப மெதுவா நிமிரு" என்றார் பாய்.

நிமிர்ந்தேன். கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. விளக்கு எரிந்தால் வாயசைக்க வேண்டும் என்று உடம்பு பழகியிருந்தது. மாலை வேணாம் அம்மா. எனக்கு மணையும் வேணாம் அம்மா. சத்தம் வரவில்லை, வந்திருந்தாலும் மேளத்தில் கேட்டிருக்காது. இரண்டாவது வரியில்தான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. தெரிந்த பிறகு நிறுத்தவில்லை. பாடம் இன்னும் பாக்கி இருக்கு. பாய் கேமராவில் இருந்து கண்ணை எடுத்து ஒரு நொடி என்னைப் பார்த்தார். திருப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மறுபடி கண்ணை வைத்துக்கொண்டு, இன்னும் கிட்டே வந்தார். நாலு வரியும் முடிகிறவரை கேமராவைத் திருப்பவில்லை. எதிரே பாட்டுக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம் வந்து எழுதட்டுமே" என்று பேச்சுவார்த்தையில் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். மார்ச்சில் பரீட்சை. அதே சமயத்தில் நாத்தனார் கல்யாணம். மூத்த மருமகள் வீட்டில் இல்லாமல் கல்யாண வேலை எப்படி நடக்கும்? என் ஹால் டிக்கெட்டை வாங்க யாரும் போகவில்லை. வாங்கி வைத்திருந்தாலும் பார்த்துப் பார்த்து அழுதிருப்பேன்.

இதற்குள் கல்யாண கேசட் வந்தது. அத்தை பார்த்தார். மாலையும் கழுத்துமாக நான் உதட்டை அசைத்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணில் தண்ணீர், பின்னணியில் நாதஸ்வரம். அத்தை உருகிவிட்டார். "பாத்தீங்களா, தாலி ஏர்ற நேரத்துல சாமி பாட்டுச் சொல்லுது! யாரு ஊட்டுப் பொண்ணு இப்படி இருக்கும்?" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். அவ்வளவுதான், நான் பக்திமான் ஆகிவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜை என் தலையில். பக்கத்து வீட்டில் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் திருநீறு போட என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு சாமி பாட்டும் முழுசாகத் தெரியாது. முணுமுணுவென்று எதையாவது சொல்லிப் பூசிவிடுவேன். என் வீட்டுக்காரரும் நல்லவர்தான், அடித்ததில்லை, குடித்ததில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது என்பதே எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்?

இப்படியே நாலு வருஷம் போயிற்று. பொங்கலுக்குப் பொங்கல் வீட்டில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். இரண்டு படம் ஓடியதும் அத்தை, "நம்ம கல்யாணத்தப் போடுங்கடா" என்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷம் காணும் பொங்கலன்று மத்தியானம் பாட்டுக்காரி என்னைப் பார்க்க வந்தாள். டீச்சர் ட்ரெயினிங் முடித்து, பக்கத்து ஊரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பையில் சாக்பீஸ் தூள். அதை விரலில் தொட்டுப் பார்த்தேன். சந்தோஷம் பாதி, பொறாமை பாதி. மறைப்பானேன். அத்தை அவளை உட்காரவைத்து, "உன் சினேகிதி எப்படி சாமி கும்புடுதுன்னு பாரு" என்று அந்த கேசட்டைப் போட்டுவிட்டார். கூடத்தில் அத்தை, அவர், நாத்தனார், நாலைந்து சொந்தக்காரர்கள். நான் அடுப்படி வாசலில்.

என் முகம் வந்தது. நிமிர்ந்தது. உதடு அசைந்தது.

பாட்டுக்காரியால் அடக்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் நின்றால் கை கால் உதறுகிறவள், அன்று உட்கார்ந்த இடத்தில் இருந்து மெல்லப் பாடினாள். "மாலை வேணாம் அம்மா... எனக்கு மணையும் வேணாம் அம்மா..." அவளாகப் பாடவில்லை, டிவியில் இருந்த என் உதட்டைப் பார்த்துப் பார்த்து அதன்கூடவே பாடினாள். உதடு ஒட்டுகிற இடத்தில் எல்லாம் குரலும் ஒட்டியது. நாத்தனார்தான் முதலில் அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். 'படிக்க விடு அம்மா' என்று முடிந்தபோது கூடத்தில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

அவர் எழுந்து போய்க் கேசட்டைப் பின்னால் ஓட்டினார். டிவியின் சத்தத்தை முழுசாகக் குறைத்தார்.

"இன்னொரு தபா பாடும்மா" என்றார்.

பாட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பாடினாள். சத்தமில்லாத டிவியில் என் வாயில் இருந்து அந்தக் குரல் வந்தது. கடைசி வார்த்தையில் அவர் படத்தை நிறுத்தினார். அத்தை, "இன்னாடா இது, இன்னா இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் அடுப்படி வாசலுக்கு வந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கோபம் இல்லை. மண்டியில் நல்ல மூட்டை என்று எடுத்து வைத்ததைப் பிரித்து, உள்ளே சரக்கு வேறாக இருப்பதைப் பார்க்கிறபோது ஒரு முகம் வைப்பாரே, அது.

"அன்னிக்கே நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

நாலு வருஷமாக எனக்குள் கிடந்தது எல்லாம் வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. டிவியைத்தான் காட்டினேன்.

"வாயத் தொறந்துதானே இருக்கேன். பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தி வைத்த படத்தில், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டிருக்க, கழுத்து நிறைய மாலையோடு, வாயைத் திறந்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.